மேடைப் பேச்சும் வாழ்க்கைத் தொழிலும்

சங்கரன்கோயிலில் ஆடித் தபசுத் திருநாள் நெருங்குங்கால் ஊர்ச் சுவர்களிலும் கடைகளின் முகப்பிலும் நிகழ்ச்சி நிரல்கள் ஒட்டப்படும். அழைப்பிதழ்கள் கைக்குக் கை மாறும். இத்தாள்களுட் பல, விழா முடிந்த மறுநாளே குப்பையிற் சேர்ந்துவிடுவன. யாம் அவற்றைச் சில ஆண்டுகளாக எடுத்துச் சேர்த்து வருகின்றோம். தமிழாய்வுக்கு இவற்றால் என்ன பயன் என்று நண்பர் சிலர் நகைத்ததும் உண்டு. ஆயினும் அவற்றை வரிசைப்படுத்தி நோக்கியவிடத்து ஒரு செய்தி எம் கருத்தைக் கவர்ந்தது. நாதசுரக் கலைஞரின் பெயர் வருமிடத்து அவர்தம் ஊரும் சில வேளைகளில் அவர் ஆசிரியரின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். வேறு தொழில் எதுவும் குறிக்கப்படுவதில்லை. சொற்பொழிவாளர் பெயர் வருமிடத்தோ, ஊரும் பட்டமும் போதாவென, ‘தமிழாசிரியர்’, ‘வழக்கறிஞர்’, ‘ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்’, ‘வங்கி அலுவலர்’ என அவர் செய்யும் தொழிலும் உடன் நிற்கும். நாதசுரம் வாசிப்பவர்க்கு வாசிப்பே தொழில்; பேசுபவர்க்கோ தொழில் வேறொன்று. அச்சிட்டவர் கருதாமலே இவ்வுண்மை அவ்வெழுத்துக்களில் வெளிப்பட்டுவிடுகின்றது.

இதனை ஆராயத் தூண்டியது ஒரு மாணவரின் வினா. அவர் முதுகலைத் தமிழ் பயின்றவர். பேச்சுப் போட்டிகள் பலவற்றிற் பரிசு பெற்றவர். தந்தையார் இவ்வூரின் விசைத்தறிக் கூடம் ஒன்றில் நெசவு செய்பவர். மகன் ஆசிரியப் பயிற்சி பெற்று நிலையான ஊதியத்தில் அமர வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். அவரோ ஒருநாள் எம்மை அணுகி, “ஐயா, பேச்சையே தொழிலாகக் கொண்டு வாழ முடியுமா?” என்று கேட்டார். முடியாது என்று சொல்லிவிடுதல் எளிது. முடியும் என்று ஊக்குதல் அதனினும் எளிது. ஒரு குடும்பத்தின் வருவாய் எம் சொல்லைச் சார்ந்து நின்றமையால் உடனே விடை கூற நா எழவில்லை. தமிழிற் பேச்சாளராய் விளங்கியோர் எவ்வாறு வாழ்ந்தனர், எதனால் உண்டனர் என்பதை முறையாகப் பார்த்தபின் சொல்வோம் என்று தவணை பெற்றோம். அத்தேட்டத்தின் விளைவே இக்கட்டுரை.

யாம் கண்ட முடிபை முன்னரே கூறிவிடுவோம். தமிழகத்தில் மேடைப் பேச்சுத் தன் காலில் நின்றது மிக அரிது. பேச்சாளர்க்குப் பின்னே வேறொரு தாங்கல் என்றும் இருந்து வந்துள்ளது: பள்ளி, அச்சகம், வழக்குமன்றம், இதழ், பல்கலைக்கழகம், கட்சி, கோயில், இந்நாளில் தொலைக்காட்சி. அத்தாங்கல் எத்தன்மையதோ அத்தன்மையே பேச்சிற்கும் வாய்த்தது. பேச்சின் நடை, நீளம், அஞ்சாமை, அச்சம் ஆகிய யாவும் மேடையிற் பிறப்பன போலத் தோன்றினும், மேடைக்குப் பின்னுள்ள அவ்விடத்திலேயே பெரும்பாலும் அறுதியாகின்றன.

பழைய நிலை

திருவள்ளுவர் பேச்சைப் பற்றி ஓரதிகாரத்தோடு அமையவில்லை. சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்கள் வகுத்தார். ஆனால் அவற்றை வைத்த இடம் கருதற்பாலது. மூன்றும் பொருட்பாலில் அமைச்சியலுள் அமைந்தன. சொல்வன்மை அமைச்சன் கல்வி; தூதனுக்கும் அவையிற் புகும் அறிஞனுக்கும் உரிய கருவி. அவனுக்கு உணவு தருவது அமைச்சுத் தொழில். சொல் அத்தொழிலின் படைக்கலம். பேச்சு மட்டுமே செய்து பெறும் கூலியைப் பற்றி வள்ளுவர் ஓரிடத்தும் பேசினாரில்லை.

கூலி பெற்றோர் பாடினோரே. பாணரும் பொருநரும் கூத்தரும் விறலியரும் தம் கலையால் வாழ்ந்தனர். பரிசில் பெற்ற வழியைப் பிறர்க்குக் காட்டவும் செய்தனர். அவர்தம் வாழ்வு யாழோடும் முழவோடும் பிணைந்தது. பட்டிமண்டபம் என்னும் சொல் சிலப்பதிகாரத்தும் மணிமேகலையிலும் வந்துள்ளது. சமயவாதியர் அங்கு வாதிட்டனர் என அறிகின்றோம். அவர்களும் தத்தம் சமயத்தாராற் புரக்கப்பட்டோரேயன்றி, வாதிட்ட நாட்கணக்கிற்கு ஊதியம் பெற்றோராகத் தெரியவில்லை.

கோயில் மண்டபங்களில் நூல் வாசித்தற்கு மானியம் இருந்தது. காஞ்சிக்கு அண்மையிலுள்ள கூரத்திற் கிடைத்த, ஏழாம் நூற்றாண்டினனான முதற் பரமேசுவரவர்மன் செப்பேடு, மண்டபத்திற் பாரதம் வாசிப்பவர்க்கு நிலப்பங்கு ஒன்றை ஒதுக்குகின்றது. இங்கும் கூலி வாசிப்புக்கே என்பதை உளங்கொள்ளல் வேண்டும். ஒருவர் பாட்டை வாசிக்க மற்றொருவர் பொருள் சொல்லும் புராண படன முறையும் இவ்வழிப்பட்டதே. பொருள் சொல்வார் எத்துணை நாவன்மை உடையராயினும் கையிலுள்ள ஏட்டை விட்டுப் பெயரார். மக்கள் கேட்க வந்தது நூலை, சொன்னவரை அன்று.

ஏடு கீழே வைக்கப்பட்ட நாள்

ஏட்டைக் கீழே வைத்து, தாமே பொருள் தேர்ந்து, தம் சொல்லால் தொடர்ந்து பேசும் முறை தமிழ்ச் சைவரிடையே தோன்றிய நாளை ஏறக்குறைய வரையறுத்துக் கூறலாம். 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அன்று வெள்ளிக்கிழமை, அதன்பின் வெள்ளிதோறும் தொடர்ந்தது. வெசுலியன் சங்கத்தைச் சார்ந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் அவர் பணியாற்றியவர்; விவிலிய மொழிபெயர்ப்பிற்குத் துணைநின்றவர். பாதிரிமார் பேசும் முறையை அண்மையிலிருந்து கண்டு, அதனைக் கொண்டே அவர்களை எதிர்த்தார் என்பது அறிஞர் ஒப்பிய செய்தி.

நம் ஆராய்ச்சிக்கு வேண்டியது அடுத்து நிகழ்ந்தது. 1848-இல் நாவலர் பாதிரியார் பள்ளியின் பணியைத் துறந்தார். ஊதியம் நின்றது. வேறொருவராயின் பிரசங்கத்திற்குக் காணிக்கை கொண்டு வாழ்ந்திருத்தல் கூடும். நாவலர் அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849-இல் அச்சுப்பொறி வாங்குதற்பொருட்டுச் சென்னைக்குப் புறப்பட்டார். அச்செலவின் இடையே திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் பேசக்கேட்டு ‘நாவலர்’ என்னும் பட்டம் வழங்கப்பெற்றது. தமிழுலகம் பெயரை மறந்து பட்டத்தாலேயே வழங்கும் அப்பெரியார், நாவன்மைக்குரிய அப்பட்டத்தைப் பெற்றது அச்சகம் தேடிப் போன வழியிலே என்பது எமக்கு மிகவும் பொருள் பொதிந்ததாகத் தோன்றுகின்றது. பள்ளியும் அச்சகமும் பின்னின்றமையால் அவர் கேட்போரை மகிழ்விக்க வேண்டிய கட்டாயம் இலரானார். கடிந்துரைக்க வேண்டியவிடத்துக் கோயில் அதிகாரிகளையும் கடிந்துரைத்தார். அவர்தம் வன்மையான நடைக்கு அவர் இயல்பு ஒரு காரணம். கேட்போர் கையை எதிர்பாராமை மற்றொரு காரணம்.

நெல்லை, 1908

தாங்கல் இன்றிப் பேசினால் யாது நேரும் என்பதற்கும் நெல்லைச் சீமையே சான்று தருகின்றது. சுதேசி இயக்கத்திற்கு முன்னர் அரசியற் கூட்டங்களில் ஆங்கிலமே பெரிதும் வழங்கியது. தமிழில், கடற்கரையிலும் திறந்த வெளியிலும், தொழிலாளரும் வணிகரும் கேட்க அரசியல் பேசும் வழக்கம் வலுப்பெற்ற இடங்களுள் தூத்துக்குடி தலையாயது. அங்குப் பேசியவர் இருவர். வ. உ. சிதம்பரம் பிள்ளை வழக்கறிஞர். 1906-இற் சுதேசிக் கப்பற் குழுமத்தைத் தோற்றுவித்தவர். சுப்பிரமணிய சிவா வத்தலக்குண்டிற் பிறந்தவர். ஊர்தோறும் சென்று பேசி வந்தவர். கையிற் பொருளோ நிலைத்த தொழிலோ இல்லாதவர். சிவா தூத்துக்குடிக்கு வந்தபோது அவருக்கு உணவும் உறையுளும் தந்தவர் சிதம்பரம் பிள்ளை. 1908 பிப்ரவரி இறுதியில் தொடங்கிய கோரல் ஆலை வேலைநிறுத்தத்தின்போது இருவர் பேச்சும் நகரை அசைத்தன. மார்ச்சுத் திங்களில் இருவரும் சிறைப்பட்டனர்.

1908 சூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே தீர்ப்புரைத்தார். சிவாவிற்குப் பத்தாண்டு நாடு கடத்தல். சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை வாழ்நாள் தண்டனை. இரண்டில் ஒன்று அவர்தம் பேச்சிற்காக. மற்றொன்று சிவாவிற்கு உடந்தையாய் நின்றமைக்காக. அந்த உடந்தைக் குற்றச்சாட்டில் அவர் சிவாவிற்கு உணவளித்து இடமளித்த செயலும் அடங்கிற்று. பேச்சாளரைப் பேச வைத்தது மேடையன்று, அவருக்குச் சோறிட்ட வீடு என்பதை அக்காலத்து ஆங்கில அரசு நம் இலக்கிய வரலாற்றாசிரியரினும் தெளிவாக உணர்ந்திருந்தது. சிவாவின் பேச்சைப் போற்றுவோர் பலர். அவர் யார் வீட்டில் உண்டார் என்று கேட்டவர் வழக்கு நடத்தியவரே.

மேன்முறையீட்டில் தண்டனைகள் குறைக்கப்பட்டு இருவரும் 1912-இல் விடுதலையாயினர். சிவா தொழுநோயோடு வெளிவந்தார். பின்னாளில் நோயைக் காரணங்காட்டிப் புகைவண்டியிற் செல்லவும் தடுக்கப்பட்டார். அந்நிலையிலும் நடந்து சென்று பேசினார். 1925 சூலையிற் பாப்பாரப்பட்டியில் உயிர் நீத்தார். பேச்சையன்றி வேறு தாங்கல் எதனையும் தேடாது வாழ்ந்த தூய எடுத்துக்காட்டு ஒன்று வேண்டுமாயின் அவரையே சுட்டுதல் வேண்டும். மாணவர்க்கு அதனைப் பின்பற்றுமாறு கூற எவர்க்கு மனம் வரும்?

திரு. வி. கலியாணசுந்தரனார் இடைப்பட்ட வழியைக் கண்டார். வெசுலி கல்லூரித் தமிழாசிரியர் பணியை 1917-இல் விட்டு ‘தேசபக்தன்’ ஆசிரியரானார். 1920 முதல் ‘நவசக்தி’யை நடத்தினார். அவர்தம் தலைமைப் பொழிவுகள் தொகுக்கப்பட்டு ‘தமிழ்த் தென்றல்’ என நூலாயின. இதழாசிரியர் பேச்சு எழுத்தை நோக்கியே செல்லும். மேடைத் தமிழை அவர் செந்தமிழாக்கினார் என்று புகழ்வோர், அப்பேச்சுக்கள் அச்சேறும் வாயிலும் அவர் கையிலேயே இருந்தது என்பதையும் சேர்த்து எண்ணல் நன்று.

பேராசிரியரின் மேடை

தமிழ் மாணவர்க்கு மிக அணுக்கமான எடுத்துக்காட்டு ரா. பி. சேதுப்பிள்ளை. அவரிடத்துச் சிறிது நின்று பார்த்தல் தகும். பொருநையாற்றின் கரையிலுள்ள இராசவல்லிபுரத்தில் 1896-இற் பிறந்தார்; சட்டம் பயின்று நெல்லையில் வழக்கறிஞராய் இருந்தார். நகராட்சி மன்றத்தில் உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் பணியாற்றித் தெருக்களின் திரிந்த பெயர்களைத் திருத்தியமைத்தார். 1930-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1936 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பணி மேற்கொண்டு 1961-இல் மறையும் வரை அதிலேயே நின்றார்.

அவர் சென்னையில் ஆற்றிய தொடர்ப் பொழிவுகளின் கால அளவைக் காண்க. ஒய்.எம்.சி.ஏ. மன்றத்திற் கம்பராமாயணம் மூன்றாண்டு; கோகலே மன்றத்திற் சிலப்பதிகாரம் மூன்றாண்டு; தங்கசாலைத் தமிழ் மன்றத்தில் திருக்குறள் ஐந்தாண்டு; கந்தகோட்டத்திற் கந்தபுராணம் ஐந்தாண்டு. ஓரிரவிற் கைதட்டல் பெற்றுச் செல்லும் பேச்சாளரால் இஃது இயலாது. ஒரே அவை ஆண்டுக்கணக்கில் வந்து அமர்கின்றது. சென்ற கிழமை சொன்ன நகைச்சுவையை இக்கிழமை சொல்லல் ஆகாது. வகுப்பறையின் ஒழுங்கு மேடைக்கு வந்தது. மாதந்தோறும் வரும் பல்கலைக்கழக ஊதியம் அந்நீண்ட பொறுமைக்கு இடந்தந்தது. தருமபுர ஆதீனம் அவருக்குச் ‘சொல்லின் செல்வர்’ என்னும் பட்டம் வழங்கிற்று. கம்பர் அத்தொடரை அனுமனுக்கு உரிமையாக்கினார் என்பது யாவரும் அறிந்ததே. அனுமனோ அமைச்சன், பின்னர்த் தூதன். வள்ளுவர் சொல்வன்மையை வைத்த அதே இடம்!

சேதுப்பிள்ளையின் உரைநடையைக் குறை கூறுவாரும் உளர். எதுகையும் மோனையும் மிக்கு, ஆராய்ச்சிக்கு வேண்டும் வறண்ட தெளிவு அதில் இல்லை என்பர். இக்குறையில் உண்மை இல்லாமலில்லை. மோனை கேட்போர் செவிக்குப் பிடிமானம். ஒரு சொல்லைத் தவறவிட்டவரும் அடுத்த சொல்லாற் பொருளைப் பற்றிக்கொள்வர். அச்சில் அப்பிடிமானம் வேண்டுவதில்லை. படிப்பவர் திரும்பிப் பார்க்கலாம். எனவே மேடையில் உதவியது ஏட்டில் மிகையாய் நின்றது. ஆயினும் எதிர்ப்பக்கத்தையும் காணல் வேண்டும். ‘தமிழகம் ஊரும் பேரும்’ என்னும் அவர்தம் நூல் இன்றும் ஊர்ப்பெயராய்வின் தலைவாயிலில் நிற்கின்றது. நகராட்சியிற் தெருப்பெயர் திருத்திய பட்டறிவும், ஊர்தோறும் பேசச் சென்ற பழக்கமும் இன்றேல் அந்நூல் அவ்வடிவிற் பிறந்திராது என்று கருத இடமுண்டு. ‘தமிழின்பம்’ 1955-இற் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. தமிழுக்கு அப்பரிசு முதன்முதல் வந்தது அந்நூலாலேயே. மேடை அவரிடமிருந்து சிலவற்றைக் கவர்ந்தது. சிலவற்றைத் தந்தும் சென்றது.

கட்சியின் மேடை

சங்கரன்கோயிலுக்கு அண்மையிலுள்ள கலிங்கப்பட்டியில் 1944-இற் பிறந்த வைகோவை இவ்வட்டாரத்துப் பேச்சாளர் வரிசையில் விடுதல் இயலாது. அவர்தம் கட்சி நிலைப்பாடு ஈண்டு ஆராய்ச்சிக்குரியதன்று. சட்டம் பயின்றவர், கட்சி மேடைகளில் வளர்ந்தவர், 1978 முதல் 1996 வரை மாநிலங்களவையில் இருந்தவர். உலக வரலாற்றுச் செய்திகளை நாளும் ஆண்டும் தவறாது அடுக்கிச் செல்லும் அவர் முறையை நெல்லைப் பக்கத்து இளைஞர் பலர் பின்பற்றினர். எம் வகுப்பறைகளிலும் அதன் எதிரொலி கேட்டதுண்டு. கட்சி தரும் தாங்கல் பெரிது. அவையைக் கூட்டுவதும் ஒலிபெருக்கி கட்டுவதும் செய்தியைப் பரப்புவதும் கட்சியே. அதற்கேற்ப விலையும் பெரிது. 2002 சூன் 29 அன்று திருமங்கலத்திற் பேசிய பேச்சிற்காகப் பொடாச் சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டு, ஏறத்தாழ 19 திங்கள் கழித்து 2004-இல் வெளிவந்தார். 2009-இற் சென்னையில் ஒரு நூல் வெளியீட்டிற் பேசியதற்காக 2019 சூலை 5 அன்று இந்தியத் தண்டனைச் சட்டம் 124-அ பிரிவின்கீழ் ஓராண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அத்தண்டனை பின்னர் நிறுத்தி வைக்கப்பட்டது.

124-அ என்பது சிவாவும் சிதம்பரம் பிள்ளையும் தண்டிக்கப்பட்ட அதே பிரிவு. இடையே 111 ஆண்டுகள் கழிந்தன. 2022 மே திங்களில் உச்சநீதிமன்றம் அப்பிரிவின் செயற்பாட்டை நிறுத்தி வைத்தது. 2024 சூலை முதல் அச்சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டம் நடைமுறையில் உள்ளது. பேச்சைத் தொழிலாகக் கொள்ள விழையும் மாணவர் யாப்பிலக்கணத்தோடு இவ்வரலாற்றையும் கற்றல் வேண்டும்.

பேச்சே தொழிலாய் நின்றோர்

அவ்வாறாயின் பேச்சால் மட்டும் வாழ்ந்தவர் ஒருவரும் இலரோ எனின், உளர். திருமுருக கிருபானந்த வாரியார் (1906–1993) தலைசிறந்த எடுத்துக்காட்டு. காங்கேயநல்லூரில் மல்லையதாசருக்கு மகனாய்ப் பிறந்தார். தந்தையாரே இசையோடு புராணம் சொல்பவர். எனவே வாரியார்க்குத் தொழில் குலத்தொடர்ச்சியாய் வந்தது. பாட்டும் மனப்பாடமும் இளமையிலேயே ஊட்டப்பட்டன. அவர் பின்னே நின்றது கோயில் திருவிழா என்னும் நெடுங்கால ஏற்பாடு. உபயதாரர் இருந்தனர், பருவங்கள் இருந்தன, தொடர் விரிவுரைக்குப் பழகிய அவை இருந்தது. கூரம் செப்பேட்டுப் பாரதப் பங்கு வேற்றுருவில் அவர் காலம் வரை நீண்டது எனலாம். அவ்வாறு நின்றும் அவர் ‘திருப்புகழ் அமிர்தம்’ என்னும் இதழையும் நடத்தினார்.

பட்டிமன்றம் மற்றொரு வாயிலைத் திறந்தது. காரைக்குடியில் 1939-இற் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகமும், பின்னர்க் குன்றக்குடி அடிகளாரும் பழைய சொல்லுக்குப் புதுவாழ்வு தந்தனர். முதலில் இலக்கியப் பாத்திரம் பற்றிய வழக்காக இருந்தது. பின் குடும்பம், திரைப்படம், மாமியார் மருமகள் எனப் பரந்தது. திருநாட்களில் தொலைக்காட்சி அதனை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 2021-இற் பத்மசிறீ விருது பெற்ற சாலமன் பாப்பையா அம்மேடையின் நடுவராய் நாடறிந்தவர். அவரோ மதுரை அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியராய் இருந்தவர். ஆண்டும் அச்சகமும் மாறினும் யாம் முதலிற் கூறிய அழைப்பிதழ்ச் செய்தி மாறவில்லை.

சங்கரன்கோயிற் தலவரலாறே ஒரு பட்டிமன்றத்தில் தொடங்குகின்றது என்பதை ஈண்டு நினைவூட்டலாம். சங்கன், பதுமன் என்னும் நாகவரசர் இருவர் சிவனே பெரியர், திருமாலே பெரியர் என வழக்கிட்டனர். கோமதியம்மை தவமியற்ற, இருவரும் ஓருருவாய்த் தோன்றினர் என்பது கதை. இவ்வூர் மேடையில் ஏறுவோர் முன்னே நீறு பூசியோரும் நாமம் இட்டோரும் ஒருங்கே அமர்ந்திருப்பர். ஒரு பக்கத்தாரை உயர்த்த மற்றொரு பக்கத்தாரைத் தாழ்த்திப் பேசுவோர் பாதியவையை இழப்பர். அவையறிதல் என்னும் அதிகாரத்தை யாம் நூலிற் கற்றோம். பொருள் விளங்கியது இங்கேதான்.

அதனை எம் இழப்பிலேயே கற்றோம் எனலும் பொருந்தும். பணியிற் சேர்ந்த தொடக்கத்தில் இவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் கொடைவிழாவிற் குகனைப் பற்றிப் பேச அழைத்தனர். இருபது தாள் எழுதிச் சென்றோம். பாடவேறுபாடுகளும் அதில் இடம்பெற்றிருந்தன என்பதை இன்று சொல்ல நாணுகின்றோம். அரை மணிக்குள் பாயிற் படுத்தோர் பலர். எமக்குப் பின் வில்லுப்பாட்டுக் குழுவினர் அமர்ந்தனர். வில்லும் குடமும் உடுக்கும் ஒலிக்க, தலைவர் ஒரு தொடர் சொல்லுமுன் பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமாம்’ போட்டார், ஐயம் கேட்டார், வியந்தார். உறங்கியோர் எழுந்தனர், விடியும் வரை ஒருவரும் பெயரவில்லை. கீழிறங்கிய எம்மிடம் முதியவர் ஒருவர், “நல்லாத்தான் பேசினிய, ஐயா; எங்களைப் பாத்துப் பேசலியே” என்றார். வில்லுப்பாட்டில் அவையின் ஐயத்தையும் வியப்பையும் வாய்விட்டுச் சொல்ல ஓராள் உடன் அமர்ந்துள்ளான். தனிப்பேச்சாளர்க்கு அவன் இல்லை. அவ்விடத்தையும் தாமே நிரப்புதல் வேண்டும். பிற்காலத்து நற்பேச்சாளர் தமக்குத் தாமே வினவி விடையிறுப்பது இதனாலேயே போலும். முதுகலைப் பாடத்திட்டத்தில் அவையஞ்சாமையை உரைவேறுபாட்டோடு கற்பிக்கின்றோம். ஒரு மாணவரையேனும் தாளின்றி ஓர் அவைமுன் நிற்கச் செய்கின்றோமா?

தொழிலின் நடைமுறையையும் சிறிது கூறல் வேண்டும். கோயில் விழாக்கள் பங்குனி முதல் ஆடி வரை செறிந்துள்ளன; ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மேடையைச் சுருக்கும். ஆகவே வருவாய் பருவத்தது. குடும்பச் செலவோ திங்கள்தோறும் உள்ளது. விழாக்குழுவினர் பொன்னாடை போர்த்துதலில் தாராளராயும் உறையில் இடுவதிற் சிக்கனராயும் இருப்பதுண்டு. பொன்னாடையை அரிசிக் கடையில் மாற்ற இயலாது. வண்டிச் செலவை முன்னரே பேசிக்கொள்ளுதல் இழுக்கன்று என்பதைப் புதியோர் உணர்வதில்லை. பட்டிமன்றத்திற் பெயர்பெற்ற நடுவர்க்கும் அணிப்பேச்சாளர்க்கும் கிடைக்கும் தொகைகளிடையே வேறுபாடு மிகுதி. தவிரவும் ஒரே பேச்சை நூறு ஊரிற் பேசுதலே தொழிலின் ஊதியம். அதுவே அதன் நோயும் ஆம். பேசிப் பழகிய பேச்சு நாவில் தானே ஓடும். புதிது படிக்கும் தேவை மெல்ல மறையும். பத்தாண்டில் அவர் மேற்கோள் காட்டும் நூல்கள் மாணவப் பருவத்திற் படித்தவையாகவே நின்றுவிடும். பெயர் குறிக்க விரும்பாத நல்லறிஞர் சிலரிடத்து இதனைக் கண்டு வருந்தியுள்ளோம்.

இவற்றையெல்லாம் எண்ணியபின் மாணவரை அழைத்தோம். “தம்பி, பேச்சால் வாழலாம், ஆனால் எந்தத் தாங்கலின்மேல் நின்று பேசப்போகின்றாய் என்பதை முதலில் தேர்ந்துகொள். கட்சியாயின் அதன் விலையை அறிந்து செல். கோயிலாயின் பாட்டும் புராணமும் இன்னும் ஆயிரம் கல். தொலைக்காட்சியாயின் உன் நகைச்சுவை உன் தமிழை உண்ணாமற் பார்த்துக்கொள். பள்ளியாயின் வீட்டாரும் மகிழ்வர், ஆனால் மாலைப்பொழுதை விற்றுவிடாதே” என்றோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். “சேதுப்பிள்ளை ஐந்தாண்டு குறள் சொன்னாரே, அவர்க்கு முதல் நாள் எத்தனைபேர் வந்திருப்பர்?” என்று மட்டும் கேட்டார்.

அவர் ஆசிரியப் பயிற்சியிற் சேர்ந்தார். அதனோடு தம் தெருவிலேயே, ஞாயிறுதோறும் மாலையில், தறிக்கூடத்தின் முன்றிலில் திருக்குறள் சொல்லத் தொடங்கியுள்ளார். ஒலிபெருக்கி இல்லை, அழைப்பிதழும் இல்லை. முதல் நாள் வந்தோர் பதினொருவர். அவருள் வீட்டார் நால்வர். யாம் சென்ற திங்களிற் சென்றிருந்தபோது முன்றில் போதாமல் எதிர்த் திண்ணையிலும் ஆட்கள் அமர்ந்திருந்தனர். அவர் தந்தையார் கடைசி வரிசையில் இருந்து, சொல்லிய குறளுக்கு இடையிடையே ஐயம் எழுப்பிக்கொண்டிருந்தார். இப்பொழுது இல்லறவியல் நடைபெறுகின்றது.